பகுதிநேரப் பட்டப்படிப்பு ஆடுகிறவர்களுக்குச் சரிப்படுமா? படித்து முடித்தவளின் மதிப்பீடு

பரதம் ஆடியும் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்துக்கொண்டே, வேலை பார்ப்பவர்களுக்கான பகுதிநேரப் பட்டப்படிப்பு ஒன்றைச் சிங்கப்பூரில் படித்து முடித்திருக்கிறேன். பாடம் உளவியல். கல்லூரியின் பெயரை எழுதப்போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு கல்லூரியோடு நிற்பவை இல்லை, பகுதிநேரப் படிப்பு என்ற ஏற்பாட்டையே யாரை மனத்தில் வைத்து அமைத்தார்களோ அதிலிருந்து வருபவை. என்னிடம் ஆட வருகிற பிள்ளைகளில் ஜேசி என்கிற தொடக்கக் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ முடிக்கப்போகிறவர்களும், அவர்களைவிட அதிகமாக அவர்களுடைய அம்மாக்களும், "அக்கா, ஆடிக்கிட்டே டிகிரி பண்ண முடியுமா, எந்த இடம் நல்லது?" என்று கேட்டபடியே இருக்கிறார்கள். முடியும். ஆனால் எந்த இடம் என்பதற்கு முன்னால் எந்த நேரம் என்று கேளுங்கள் என்பதுதான் என் பதில். வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

கையேட்டில் "வேலை செய்வோருக்கு ஏற்ற நேரம்" என்று பெரிதாகப் போட்டிருக்கும். அவர்கள் சொல்லும் வேலை காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஆறுக்கு முடிகிற அலுவலக வேலை. அதனால் வகுப்பு இரவு ஏழு மணிக்கு ஆரம்பித்துப் பத்து வரை போகும், சில பாடங்கள் சனிக்கிழமையில் விழும். ஒரு வங்கி ஊழியருக்கு இது அழகாகப் பொருந்தும். நமக்கு? பிள்ளைகள் பள்ளிக்கூடமும் இணைப்பாட நடவடிக்கையும் முடிந்து நடன வகுப்புக்கு வருவதே மாலை ஐந்துக்கு மேல். சமூக மன்ற வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறு. குழு ஒத்திகை என்றால் ஏழரைக்கு முன்னால் தொடங்கவே தொடங்காது, ஏனென்றால் இந்த ஊரில் மேடையில் ஆடுகிறவர்களில் பலர் பகலில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ மருத்துவராகவோ இருப்பவர்கள், அவர்கள் வேலை முடிந்து, எம்ஆர்டி ரயிலில் ஏறி, ஒரு வாய் சாப்பிட்டு வந்து சேர வேண்டும். ஆக, ஊரே வேலை முடித்துப் படிக்கக் கிளம்புகிற நேரம்தான் நடனத்தையே தொழிலாக வைத்திருப்பவளுக்குக் கடை திறக்கிற நேரம். காலை பத்து மணிக்கு நான் வீட்டில் இருப்பேன், அந்த நேரத்தில் பகுதிநேர வகுப்பு எதுவும் கிடையாது.

நேரத்தைவிடச் சிக்கலானவை மாதங்கள். நான் படித்த இடத்தில் பருவங்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்கும், தேர்வுகள் மே மாத வாக்கிலும் நவம்பர் வாக்கிலும் வரும். அதற்குப் பக்கத்தில் நம் நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். தை பிறந்ததும் பொங்கல் நிகழ்ச்சிகள். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. அதையொட்டியே பள்ளிகளில் சிங்கப்பூர் இளையர் விழா, நீங்கள் ஒரு பள்ளியின் நடனப் பயிற்றுநர் என்றால் அதற்கு முந்தைய வாரங்கள் உங்களுடையவை இல்லை. செப்டம்பர், அக்டோபரில் கோயில்களில் நவராத்திரி, அடுத்தது தீபாவளி, நவம்பரில் எஸ்பிளனேடு கலையரங்கில் 2002 முதல் நடந்துவருகிற கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா, டிசம்பர் வந்தால் மார்கழி சீசனுக்குச் சென்னை. நவம்பர் தேர்வு நம்முடைய மிகப் பெரிய மேடைக் காலத்தின் மேலேயே வந்து உட்காருகிறது. கல்லூரியின் சேர்க்கை ஆலோசகர்கள் இதை எடுத்துச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பும் இல்லை. சேர்வதற்கு முன்னால் நீங்களே ஒரு தாளில் இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்துவிடுங்கள்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும், அது நிறையவே இருக்கிறது. பாடம் பாடமாகப் பதிந்துகொள்ளலாம் என்பதுதான் பகுதிநேரப் படிப்பின் உண்மையான பலம். கச்சேரியின் மிக நீளமான உருப்படியான வர்ணம் புதிதாக ஒன்று உடம்பில் ஏறிக்கொண்டிருக்கும் பருவத்தில் ஒரே ஒரு பாடம், மேடை குறைவாக இருக்கும் பருவத்தில் இரண்டு மூன்று என்று ஏற்றி இறக்கிக்கொண்டேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பதிவு செய்யப்பட்ட விரிவுரைகள் இன்னொரு பெரிய உதவி. காலையில் வீட்டில் எல்லோரும் கிளம்பிய பிறகு தரையில் காலை நீட்டித் தொடையையும் கெண்டைக்காலையும் இழுத்துவிட்டுக்கொண்டே முழு விரிவுரையையும் கேட்டுவிடலாம், புரியாத இடத்தில் நிறுத்தித் திரும்பக் கேட்கலாம். ஆனால் எல்லாப் பாடத்துக்கும் பதிவு இருக்காது, அது பாடத்தை நடத்துபவரின் விருப்பம். சில பாடங்களில் வருகைக்கும் பங்கேற்புக்கும் மதிப்பெண் உண்டு, அங்கே பதிவு இருந்தும் பயனில்லை. பாடத்தைப் பதிவதற்கு முன் இந்த இரண்டையும் கேட்காமல் இருந்துவிடாதீர்கள்.

விரிவுரையாளர்களைப் பற்றி எனக்கு மரியாதை மட்டும்தான். பலர் பகலில் மருத்துவமனையிலோ பள்ளியிலோ வேலை பார்த்துவிட்டு இரவில் சொல்லிக்கொடுக்க வருபவர்கள். களைப்போடு வந்தாலும் அன்று பகலில் பார்த்ததை வைத்துப் பாடம் நடத்துவார்கள், அதனால் இரவு ஒன்பதரைக்குக்கூட வகுப்பு தூங்கி வழியவில்லை.

எந்தப் பாடத்தைப் படிப்பது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: நடனத்துக்குச் சம்பந்தமே இல்லாததாகத் தோன்றும் பாடமும் நடனத்துக்குள் வந்துவிடும். நினைவாற்றல் பற்றிய பாடத்தில் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தோம். அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்தவர் அவர். ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் நிலைக்கும் என்பது அவர் காட்டிய வழியில் பிறகு வந்த பலரும் உறுதிசெய்த விஷயம். ஜதியை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, மனப்பாடம் செய்யும் நமக்கு இது அப்படியே பொருந்தும் என்று வகுப்பில் இருந்தபோதே எனக்குத் தோன்றியது. அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பிள்ளைகளுக்குத் மூன்று வேகத்தில் வரும் திரிகால ஜதியை ஞாயிற்றுக்கிழமை ஒரே இருப்பில் திணிக்காமல், வாரம் முழுக்க வீட்டில் தினமும் கொஞ்சம் சொல்லி, தட்டி, அப்புறம் ஆடச் சொல்கிறேன். பிடித்துக்கொள்வதில் நல்ல வித்தியாசம் தெரிகிறது.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது முகபாவம் பற்றிய பாடம். முகத்தில் சிரிப்பை வரவழைத்தால் மனத்திலும் மகிழ்ச்சி வருமா என்று 1988இல் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராக்கும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள், சிலரைப் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டும் சிலரை உதட்டால் பிடித்துக்கொண்டும் கேலிச்சித்திரங்களைப் பார்க்கச் சொன்னார்கள். பல்லில் கடித்தால் முகம் சிரிப்பதுபோல் விரியும். பல்லில் கடித்தவர்களுக்கு, உதட்டால் பிடித்தவர்களைவிடச் சித்திரங்கள் கூடுதல் வேடிக்கையாக இருந்தன என்பது அவர்கள் முடிவு. 2016இல் 17 ஆய்வகங்கள் சேர்ந்து அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. வகுப்பில் மற்றவர்கள் இதை ஒரு தேர்வுக் கேள்வியாகக் குறித்துக்கொண்டார்கள். எனக்கு அது வாழ்க்கைக் கேள்வி. பதம் என்ற பாவப் பாடலுக்கு அபிநயம் பிடிக்கும்போது துக்கம் முகத்திலிருந்து உள்ளே போகிறதா, உள்ளேயிருந்து முகத்துக்கு வருகிறதா என்று எத்தனையோ இரவுகள் எங்கள் டீச்சரோடு பேசியிருக்கிறோம். கண்ணாடி முன்னால் புருவத்தையும் உதட்டையும் சரிசெய்து கற்றவர்களுக்கும், கதையை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்களுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மேடைப் பக்கவாட்டில் நின்று பார்த்திருக்கிறேன். அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினேன். படிப்பும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று நேரத்தைத் திருடுபவை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தப் பருவத்தில் இரண்டும் ஒரே வேலையாக இருந்தன, அந்தச் சுகத்துக்காகவே இந்தப் படிப்பை இன்னொரு முறைகூடப் படிப்பேன்.

நம் மரபில் இது புதிதும் இல்லை. சென்னையின் கலாக்ஷேத்ரா நடனப் பள்ளியில் பயின்ற சி.வி. சந்திரசேகர் காசியில் தாவரவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர், அப்புறம் பரோடாவில் பேராசிரியராக இருந்து தலைமுறைகளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். பத்மா சுப்ரமணியம் கரணங்கள் என்ற பழைய நடன அசைவுகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார், அந்த ஆய்வே அவருடைய ஆட்டமாகவும் ஆனது. இங்கே, 1952இல் தொடங்கிய பாஸ்கர்ஸ் கலைக்கழகத்தின் சாந்தா பாஸ்கர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் நடனம் அமைத்தவர், அங்குள்ள அறிவியலாளர்களோடு சேர்ந்தும் படைப்புகள் செய்தார். படிக்கப் போனால் ஆட்டம் போய்விடும் என்று பயப்படும் பெற்றோருக்கும், ஆடினால் படிப்பு போய்விடும் என்று பயப்படும் பெற்றோருக்கும் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

இனிக் குறைகள். குழுப் பணி. ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் நாலைந்து பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கும். மற்றவர்கள் அலுவலகக்காரர்கள், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இரவு ஒன்பதரைக்கு ஜூமில் கூடலாம் என்பார்கள், அல்லது மதிய உணவு இடைவேளையில். மதியம் என்றால் எனக்குக் கொண்டாட்டம், ஒன்பதரை என்றால் நான் ஒத்திகையில் முட்டி மடக்கி அரைமண்டியில் இருப்பேன். முதல் கூட்டத்திலேயே விஷயத்தைச் சொல்லி, நூலகத் தேடலும் தரவு சேர்ப்பும் முதல் வரைவும் என்னுடையவை, பகலில் நான் எழுதி வைத்துவிடுவேன், இரவில் நீங்கள் படித்துத் திருத்துங்கள் என்று ஏற்பாடு செய்துகொண்டால் அருமையாக நடக்கும். சில குழுக்கள் எனக்கு இன்றும் நண்பர்கள், சலங்கை பூஜைக்குக் குடும்பத்தோடு வந்தார்கள். ஆனால் குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிடும் படிவம் ஒன்று உண்டு, அதில் "கூட்டங்களுக்கு வந்தாரா" என்ற கேள்வி இருக்கும். பாதி அறிக்கையை எழுதியவளுக்கு அந்தக் கேள்வியில் மதிப்பெண் குறைந்தது எனக்கு வலித்தது. வேலையை அளக்காமல் இருப்பை அளக்கும் படிவம் அது, மாற்ற வேண்டும் என்று கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று, தேர்வைத் தள்ளிவைக்கும் விதி. வெளிநாட்டில் வேலை இருந்தால் தேர்வை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம், அதற்கு முதலாளியின் கடிதம் வேண்டும். சுயதொழில் செய்பவளுக்கு முதலாளி யார்? வெளிநாட்டில் ஆட அழைத்த ஏற்பாட்டாளரின் கடிதம், விமானச் சீட்டு, நிகழ்ச்சி அழைப்பிதழ் எல்லாம் கொடுத்தேன். நிறுவனப் பதிவு எண்ணும் மனிதவளத் துறையின் கையொப்பமும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பாடத்தை அடுத்த பருவத்தில் திரும்பப் பணம் கட்டிப் படித்தேன். அலுவலகத்துக்காக ஜகார்த்தா போகிறவரின் பயணம் வேலை, மேடைக்காகப் போகிறவளின் பயணம் பொழுதுபோக்கு என்று ஒரு படிவம் சொல்வதை நான் ஏற்கவில்லை. இந்த ஊரில் வாடகை வண்டி ஓட்டுபவர் முதல் ஒளிப்படக்காரர் வரை எத்தனையோ பேர் சுயதொழில் செய்கிறார்கள். ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் நாங்களும் மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக்குப் பணம் கட்டுகிறோம், வருமான வரிக் கணக்குக் கொடுக்கிறோம். அந்தக் கணக்கையே வேலைக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமே.

உடம்பைப் பற்றிக் கையேடுகளில் ஒரு வரிகூட இருக்காது. மூன்று மணி நேரம் குளிரூட்டிய அறையில் உட்கார்ந்துவிட்டு மறுநாள் காலை அரைமண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு மடங்காது, முட்டி கேட்காது. கடைசி வரிசையில் இடம் பிடித்து, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சுவரோரம் நின்றுகொள்ள முதல் வகுப்பிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள், எனக்கு யாரும் மறுத்ததில்லை. இரவுச் சாப்பாடு இன்னொரு தொல்லை. வகுப்பு முடிந்து வெளியே வரும்போது வளாக உணவகம் சாத்தியிருக்கும், வீட்டுக்குப் பக்கத்து உணவங்காடியிலும் பாதிக் கடைகள் மூடியிருக்கும். ஆறு மணிக்கே கையில் கொண்டுபோனதைச் சாப்பிட்டுவிடுவது நல்லது. சலங்கையைத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கள், இல்லாவிட்டால் பேனா எடுக்கும் ஒவ்வொரு தடவையும் வகுப்பு முழுக்கத் திரும்பும்.

பணம் பற்றிச் சுருக்கமாக. தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களின் பகுதிநேரப் பட்டப்படிப்புகளில் குடிமக்களுக்கு அரசு மானியம் கணிசமாகக் கிடைக்கும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டத்தை இங்கே நடத்தித் தரும் தனியார் கல்லூரிகளில் அந்த நிலை இல்லை, முழுக் கட்டணத்தையும் கையிலிருந்து போட வேண்டிவரும். நடன வருமானம் ஒரு மாதம் கொட்டும், பள்ளி விடுமுறை மாதங்களில் வற்றிவிடும். ஆகவே தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். டிசம்பரில் பள்ளி வகுப்புகள் இல்லாத நேரத்தில் ஜனவரிப் பருவத்துக்கான கட்டணம் கேட்பார்கள், நவராத்திரி, தீபாவளி நிகழ்ச்சிகளில் வந்ததை அதற்காகத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.

வேறு வழிகளும் இருக்கின்றன. பதினெட்டு, பத்தொன்பது வயதில், வீட்டில் ஆதரவு இருந்தால், முழுநேரமாகப் பகலில் படிப்பது பகுதிநேரத்தைவிட நடனத்துக்குத் தோதானது என்றுகூடச் சொல்வேன், மாலைகள் உங்கள் கையில் இருக்கும். நடனத்தையே பட்டமாகப் படிக்க நினைப்பவர்களுக்கு நன்யாங் நுண்கலைக் கழகமும் லாசால் கலைக் கல்லூரியும் சேர்ந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. அங்கே பாலேயும் சமகால நடனமும்தான் பெரும்பாலும் மையம் என்பதால் பரதக்காரர்கள் பாடத்திட்டத்தை வரி வரியாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். தமிழ் படிக்க ஆசைப்படுபவர்களுக்கு, 2017இல் தன்னாட்சி பெற்ற சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகத் தமிழ்மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. பதங்களையும் பாசுரங்களையும் ஆடுகிறவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான படிப்பு எனக்குத் தோன்றவில்லை, என் மாணவி ஒருத்தியை அதற்காகத் தூண்டிக்கொண்டே இருக்கிறேன்.

இங்கே இல்லாத, எனக்கு ஏக்கம் தருகிற ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் செயின்ட் மேரிஸ் கல்லூரி 1999இல் தொடங்கிய லீப் என்ற பட்டப்படிப்பு, தொழில்முறை நடனக் கலைஞர்களுக்காகவே அமைத்தது. ஆடிக்கொண்டிருப்பவர்களும் ஆடி ஓய்ந்தவர்களும் படிக்கிறார்கள், மேடையில் கற்றதை முறையாக எழுதிக் காட்டினால் அதையும் படிப்புக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். இளம் வயதிலேயே தொழிலுக்குப் போய்விடும் பாலேக்காரர்கள், நாற்பதை நெருங்கும்போது கையில் பட்டம் இல்லாமல் நிற்கக் கூடாது என்ற அக்கறையில் பிறந்த யோசனை அது. மார்கம் என்ற முழுக் கச்சேரி வரிசையையும் ஒருத்தியாக ஆடி முடிப்பவளின் உழைப்பு, கவனம், இசையறிவு, கதையறிவு எல்லாவற்றையும் ஒரு பாடத்துக்காவது ஈடாக நம் பல்கலைக்கழகங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

சேரப்போகிறவர்கள் தகவல் நாளுக்குப் போனால் கண்காட்சிப் பலகைகளில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். கடந்த இரண்டு பருவங்களின் கால அட்டவணையையும் தேர்வுத் தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். எந்தப் பாடங்களுக்குப் பதிவு உண்டு, எவற்றில் வருகைக்கு மதிப்பெண், சுயதொழில் செய்பவர் ஒத்திவைப்புக்கு எந்தச் சான்று தர வேண்டும் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாயால் சொன்னது படிவத்தின் முன்னால் நிற்காது. ஜூலையில் சேராமல் ஜனவரியில் சேருங்கள், ஒரு பாடம் மட்டும் எடுங்கள். பொங்கல் நிகழ்ச்சிகள் முடிந்து மார்ச் நடுப்பகுதி வரை நம் வேலையில் கொஞ்சம் மூச்சுவிடலாம், முதல் கட்டுரையை அதற்குள் எழுதி முடித்துவிட முடியும்.